கோலிஷ் வழிபாட்டை மூலிகையிலிருந்து தொடங்கலாமா? ஆர்முவாஸ், வெர்வேன் பற்றிச் சில சந்தேகங்கள்

ரோன்கரைக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது புதுச்சேரி. 14 வருடமாக லியோனை ஒட்டிய வில்லூர்பானில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி. போன குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாள், மழைக்கு ஒதுங்கத்தான் ஃபூர்வியேர் குன்றில் இருக்கிற லுக்துனும் அருங்காட்சியகத்துக்குள் போனேன். அங்கே கொலிஞி நாட்காட்டியைப் பார்த்தேன். 1897இல் ஒரு வயலில் துண்டு துண்டாகக் கிடைத்த வெண்கலப் பலகை. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாம். எழுத்து லத்தீன், மொழி கோலிஷ், அதாவது ரோமானியர்களுக்கு முன்பே இந்த நாட்டில் இருந்த கோலியர்களின் மொழி. (தமிழில் 'கால்' என்று எழுதினால் யாராவது முழங்கால் வலிக்கு வைத்தியம் சொல்ல வருவார்கள். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல் கோல் என்றே எழுதுகிறேன்.)

ஐந்து வருடக் கணக்கு. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் முளை செருக ஒரு சின்ன ஓட்டை. மாதங்களுக்கு 'மாத்', 'அன்மாத்' என்று குறி, அதாவது நல்லது, நல்லதல்லாதது. சந்திரக் கணக்கைச் சரிக்கட்ட இடையில் அதிக மாதம் வேறு. அம்மா அடுக்களைக் கதவில் மாட்டியிருக்கும் பாம்புப் பஞ்சாங்கம்தான் ஞாபகம் வந்தது. மூடும் நேரம் என்று காவலர் வந்து சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.

அன்றிலிருந்து இந்த மண்ணின் பழைய தெய்வங்களைக் கும்பிட வேண்டும் என்று ஒரு எண்ணம். முருகனை ஒன்றும் இறக்கி வைக்கவில்லை, அவர் அலமாரியில் அவர் இடத்தில் இருக்கிறார். குடியிருக்கும் ஊரில் யார் இருந்தார்கள் என்று தெரியாமலே 14 வருடம் இருந்துவிட்டோமே என்ற உறுத்தல், அவ்வளவுதான். கோலிஷ் வழிபாட்டை இப்போது மறுபடி தொடங்கியவர்கள் பிரான்ஸிலும் வெளியிலும் இருக்கிறார்கள். ஆனால் தொடங்கும் வழி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குக் கொஞ்சமாவது கைவரும் என்றால் அது இலை தழைதான், பாட்டி கீழாநெல்லியும் தூதுவளையும் பறிக்கப் போகும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவள் நான். அதனால் மூலிகையில் ஆரம்பித்தேன். இதுவரை செய்தது இது.

ஒன்று. கோலியர்கள் வெர்வேன் என்ற மூலிகையை வைத்துக் குறி பார்த்தார்கள் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதாகப் படித்தேன். கடையில் வெர்வேன் தேநீர்ப் பை ஒரு பெட்டி வாங்கினேன். அமாவாசையிலிருந்து எண்ணி ஆறாம் நாள் (வளர்பிறை சஷ்டியேதான், அம்மா விரதம் இருக்கும் நாள்!) ஜோனாஜ் கால்வாய்க் கரையில் அதைப் போட்டு ஊற்றி வந்தேன்.

இரண்டு. எங்கள் இல்லத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார், ப்ரெஸ் பக்கத்து விவசாயக் குடும்பம், வயது 93. தூக்கம் வராத இரவில் பேசுவார். சின்ன வயதில் தூரம் நடக்க வேண்டியிருந்தால் அவர் அம்மா செருப்புக்குள் ஆர்முவாஸ் இலை வைத்துவிடுவாராம், கால் களைக்காதாம். ஆர்முவாஸ் நம் மரிக்கொழுந்தின் இனம் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டே போய், டிராம் பாதைக்குப் பக்கத்தில் கட்டடம் கட்டப் போகும் காலி மனையில் ஒரு கட்டு அறுத்து வந்து கதவுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். மரிக்கொழுந்து வாசனை மட்டும் வரவில்லை. ஆகஸ்ட் வெயிலில் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தொங்கவிட்ட நாளிலிருந்து ஒரே தும்மல், கண் அரிப்பு வேறு. தெய்வம் வேண்டாம் என்கிறதோ?

மூன்று. செலாகோ என்று பிளினி சொல்லும் செடியை இரும்பு படாமல், வெள்ளை உடுத்தி, கால் கழுவி வெறுங்காலோடு, வலக்கையைச் சட்டையின் இடப்பக்கத்துக் கைத்துளை வழியாக விட்டுத் திருடுவதுபோல் பறிக்க வேண்டுமாம். அதற்கு முன் ரொட்டியும் திராட்சை ரசமும் படைக்க வேண்டுமாம். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டுமா? என் மேல்சட்டைகளில் அதற்கேற்ற கை எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. கோலிய ரத்தம் இல்லாதவள் இதைச் செய்யலாமா?

---

பழைய மருந்துக்கடை

தங்கச்சி, முதலில் அந்தக் கட்டைக் கதவிலிருந்து இறக்குங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் கிரெனோபிளில் மருந்துக் கடையில் வேலை செய்தவன். ஆகஸ்ட் கடைசி, லியோன், கட்டட மனை, வாசனை இல்லை, தும்மல்: இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் அறுத்தது ஆர்முவாஸ் இல்லை, ஆம்ப்ருவாஸி. வட அமெரிக்காவிலிருந்து வந்த களை. ரோன் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிக் கிடக்கிறது, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அதன் மகரந்தத்தால் ஊரே மூக்கைச் சிந்தும். குழம்பியது உங்கள் தப்பு இல்லை. அதன் தாவரப் பெயரிலேயே 'ஆர்முவாஸ் இலை உடையது' என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆர்முவாஸ் என்றால் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும், கசக்கினால் வாசம் வரும். ஆம்ப்ருவாஸி என்றால் இரண்டு பக்கமும் பச்சை, கசக்கினாலும் ஒன்றும் வராது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அந்த மனையைப் பற்றி நகராட்சியில் சொல்லுங்கள், பல ஊர்களில் இதற்கென்றே ஒரு பொறுப்பாளர் இருப்பார். இன்னொன்று, இப்போது இப்படித் தும்முகிறவருக்கு நிஜ ஆர்முவாஸின் மகரந்தமும் ஆகாமல் போகலாம். பூக்காத இலையாக, கொஞ்சமாக எடுத்துப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தால் ஆர்முவாஸை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

தேநீர்ப் பையும் அதே கதைதான். கடையில் வெர்வேன் என்று விற்பது எலுமிச்சை வாசம் வீசும் வெர்வேன், தென் அமெரிக்கச் செடி. ஐரோப்பாவுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில். எந்தக் கோலியனும் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. பிளினி சொன்னது வெர்வேன் ஒஃபிசினால். பாதையோரத்தில் ஈர்க்குச்சி மாதிரி நிற்கும், நுனியில் வெளிர் ஊதாவில் மிளகளவு பூ. வாசனையும் இல்லை, அழகும் இல்லை. பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

இந்த நாட்டில் மூலிகைக் கடைக்காரர் பட்டயத்தை 1941இல் நிறுத்திவிட்டார்கள். 2008 ஆணைப்படி 148 செடிகளை மட்டும்தான் மருந்துக் கடைக்கு வெளியே விற்கலாம். அதனால் சந்தேகம் என்றால் செடியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போங்கள், கூச்சப்பட வேண்டாம். காளானைக் காட்டிக் கேட்க வருகிற ஊர்தானே இது.

அப்புறம், பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று எதையும் வாயில் வைக்காதீர்கள். கோலியர்கள் பெலெனுன்சியா என்று சொன்ன செடி நம் குரோசாணி ஓமம், ஊமத்தையின் குடும்பம். பெயரில் பெலெனோஸ் தெய்வம் தெரிகிறதே என்று கஷாயம் வைத்தால் நேராகப் பெலெனோஸைப் பார்க்கலாம். யூ மரமும் அப்படியே. கி.மு. 53இல் எபுரோன் என்ற கூட்டத்தின் இரண்டு அரசர்களில் ஒருவனான கத்துவொல்குஸ் சீசரிடம் சிக்காமல் இருக்க யூ விஷத்தைக் குடித்துத்தான் உயிரை விட்டான். மிசில்டோ என்கிற புல்லுருவியின் பழமும் விஷம். கிழக்குப் பிரான்ஸில் தரையோடு முளைக்கும் எந்தக் கீரையையும் வேகவைக்காமல் தின்னாதீர்கள், நரி எச்சத்தில் இருக்கும் நாடாப்புழு கல்லீரலுக்குப் போய்விடும்.

தெய்வம் வேண்டாம் என்று சொன்னதா தெரியாது. மூக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

---

சேன் ஊற்று

அண்ணன் சொன்னதற்குப் பிறகு எனக்கு வேலை குறைவு. நான் தீஜோனில் இருக்கிறேன், இந்த வழியில் ஏழு வருடம் ஆகிறது. நானும் செலாகோவில்தான் ஆரம்பித்தேன், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம்.

செலாகோ எந்தச் செடி என்பதே முடிவாகவில்லை. தாவரவியலாளர் லின்னேயுஸ் 18ஆம் நூற்றாண்டில் ஒரு காட்டுப் பாசிச் செடிக்கு அந்தப் பெயரை வைத்தார். பிளினி சொன்ன செடியும் அதுதான் என்று அதனால் ஆகிவிடாது. சாமோலுஸ் என்று பிளினி சொல்லும் இன்னொன்றும் அப்படித்தான். அதைச் சாப்பிடாமல் இருந்து, இடக்கையால், திரும்பிப் பார்க்காமல் பறிக்க வேண்டும், மாட்டுக்கும் பன்றிக்கும் நோய் வராமல் இருக்க அவை தண்ணீர் குடிக்கும் தொட்டியில் நசுக்கிப் போட வேண்டும். நான் முதல் வருடம் முழுக்க ஒரு பாசியைத் தேடி மோர்வான் காட்டில் அலைந்தேன். கிடைத்தபோது பக்கத்தில் வனத்துறைப் பலகை இருந்தது, பறிக்கத் தடை என்று. வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தேன்.

பிளினி ரோமானியர், அவர் எழுதியது சடங்கின் வெளித்தோற்றத்தை. ட்ரூயிட் என்கிற கோலியப் பூசாரிகள் ஆறாம் பிறையில் ஓக் மரத்து மிசில்டோவைத் தங்க அரிவாளால் அறுத்து இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிட்டது எல்லோருக்கும் தெரிந்தது அதனால்தான். ஓக்கில் மிசில்டோ அபூர்வம் என்று அவரே சொல்கிறார், நாம் பார்ப்பதெல்லாம் ஆப்பிளிலும் பாப்ளரிலும்தான்.

நீங்கள் போக வேண்டியது மார்செல்லுஸிடம். போர்தோக்காரர், ரோமப் பேரரசர் தெயோதோசியுஸின் அவையில் பெரிய அதிகாரி. கி.பி. 400 வாக்கில் ஒரு மருந்துத் தொகுப்பு எழுதினார். முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார், சில வைத்தியங்களை நாட்டுப்புறத்தாரிடமும் எளிய மக்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று. அதில் சில செடிகளுக்குக் கோலிஷ் பெயரையும் போட்டிருக்கிறார். கிளோவருக்கு விசுமாருஸ். பெரணிக்கு ராத்திஸ், இன்றைக்கும் பிரெத்தோன் மொழியில் அது ராதென். அல்லிக்கு பதித்திஸ். தூசிலாஜ் என்கிற மஞ்சள் பூச்செடிக்கு கல்லியோமார்குஸ், அதற்கு அவர் தரும் விளக்கம் குதிரைக் குளம்பு. அதையே பிரெஞ்சுக் கிராமத்தார் 'கழுதை அடி' என்கிறார்கள். குதிரை கழுதையாகிவிட்டது, குளம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. (தூசிலாஜும் ஈரலுக்கு ஆகாது, அண்ணன் திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) பிரெஞ்சில் ஓக்குக்கு ஷேன், யூவுக்கு இஃப், ஹெதருக்கு ப்ருயேர் என்கிறோமே, அவையும் கோலிஷ் வேரிலிருந்து வந்தவைதான். நீங்கள் 14 வருடமாகக் கோலிஷ் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் மூதாட்டிக்கு வருகிறேன். ஆர்முவாஸைக் கட்டிக்கொண்டு நடக்கும் வழிப்போக்கனுக்குக் களைப்பு தெரியாது என்பார்கள் என்று பிளினியும் எழுதியிருக்கிறார், கி.பி. 77இல். உங்கள் பதிவில் அந்த இடம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடஸின் மருந்து நூலில் பின்னால் சேர்த்த பெயர்ப் பட்டியலில் அதே செடிக்குக் கோலியர் வைத்த பெயர் இருக்கிறது: பொனெம். இந்த மூன்றுக்கும் நடுவே சங்கிலி அறாமல் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அந்த அம்மாவின் முன்னோர் பாதிரியாரிடம் கேட்டிருக்கலாம், பாதிரியார் பிளினியைப் படித்திருக்கலாம். ஆனாலும் இணையத்தில் ட்ரூயிட் தேடும் நேரத்தில் அவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். எந்த மாதம் பறித்தார்கள், எந்த வேளை, யார் பறித்தது, ஏதாவது சொல்லிக்கொண்டு பறித்தார்களா.

செய்முறை என்று கேட்டால் என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு ஒரே செடி. முளைப்பது, பூப்பது, காய்ந்து நிற்பது எல்லாவற்றையும் போய்ப் பார்ப்பேன். முதல் மூன்று மாதம் பறிக்கவே மாட்டேன். நோட்டில் பிரெஞ்சு, கோலிஷ், தமிழ் என்று மூன்று பெயரும் எழுதி, பறிக்கும்போது கோலிஷ் பெயரை வாய்விட்டுச் சொல்வேன். ரொட்டி ஒரு துண்டு, நல்ல தண்ணீர். கோலியர்கள் நாளை இரவிலிருந்து எண்ணினார்கள் என்று சீசர் எழுதியதால் என் விசேஷ நாட்களும் அந்தியில்தான் தொடங்கும். ஆறாம் பிறையை நீங்கள் சஷ்டி என்று ஞாபகம் வைத்துக்கொண்டது நல்ல வசதி. அதற்கு மேல் அதில் ஒன்றும் தேடாதீர்கள், சந்திரனை வைத்து எண்ணுகிற யாருக்கும் ஆறாம் நாள் வரும்.

லியோனில் செடி பழக தேத் தோர் பூங்காவுக்குள் இருக்கும் தாவரவியல் தோட்டம் போதும். பெயர்ப் பலகையோடு நிற்கும், தும்மல் வராது.

ரத்தம் பற்றி. எப்போனா கோலியர்களின் குதிரைத் தெய்வம். அவளை ரோமக் குதிரைப்படைக்காரர்கள் போன இடத்துக்கெல்லாம் கொண்டுபோனார்கள், தன்யூப் கரைவரை. அவளுக்குக் கல் வைத்தவர்களிடம் யாரும் ஜாதகம் கேட்கவில்லை. ஒருமுறை தீஜோன் அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். சேன் நதி பிறக்கும் இடத்தில் செக்குவானா தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு போட்ட மரக் கைகள், மரக் கால்கள், தலைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஈர மண்ணுக்குள் கெடாமல் இருந்து 1963 அகழாய்வில் வெளிவந்தவை. சமயபுரத்தில் கண்மலர் சாத்தியவளுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.

---

சும்மா வந்தவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ட்ரூயிட்கள் தங்கள் பாடத்தை எழுதி வைக்கக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தார்கள். சிலர் 20 வருடம் மனப்பாடம் செய்தார்கள் என்று சீசரே சொல்கிறார். அப்புறம் ரோமானியர்கள் அவர்களை ஒழித்தார்கள். மனப்பாடம் செய்தவன் போனால் பாடமும் போயிற்று. மிச்சமிருப்பது எதிரி எழுதிய நாலு பக்கம். அதை வைத்து ஒரு மதத்தை மறுபடி கட்டுவது கற்பனைதானே?

---

சேன் ஊற்று

பாடம் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன். மந்திரமும் பிரபஞ்சத் தத்துவமும் வேண்டும் என்று வருபவருக்கு நான் சொல்வதும் அதுவேதான். அதனால்தான் செடியில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். ட்ரூயிட் போன பிறகும் கிராமத்தில் இருமல் இருந்தது, மாட்டுக்கு நோய் இருந்தது, பெரணியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழித்தும் மார்செல்லுஸ் காதில் அந்தப் பெயர்கள் விழுந்தது அப்படித்தான். பெயரும் இருக்கிறது, செடியும் இருக்கிறது. நடுவில் நான் செய்வது இன்றைக்குச் செய்ததுதான், பழசு என்று யாரிடமும் விற்கவில்லை.

---

ரோன்கரைக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அண்ணா, இலையைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் பச்சை. பத்து நாள் வாசலில் ஆம்ப்ருவாஸிக்கு மாலை மரியாதை செய்திருக்கிறேன். பையில் கட்டிப் போட்டேன், நகராட்சிக்கும் தொலைபேசியில் சொன்னேன். எடுத்த அம்மா "எதற்கு அறுத்தீர்கள்?" என்று கேட்டார். அலங்காரத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

தாவரவியல் தோட்டத்தில் நிஜ ஆர்முவாஸைப் பலகையோடு பார்த்தேன். தொடக் கூடாது, சும்மா குனிந்து இலையின் அடிப்பக்கம் பார்த்து வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் இல்லத்தின் வண்டி நிறுத்துமிடத்து வேலிக்குப் பின்னாலேயே ஏழெட்டு நிற்கிறது. நான்கு வருடமாகத் தினமும் அதன் பக்கத்தில்தான் சைக்கிளைப் பூட்டுகிறேன். ஒரு இலையைக் கசக்கினேன். மரிக்கொழுந்து என்று சொல்ல முடியாது, அதன் முரட்டு அண்ணன் என்று சொல்லலாம். வெர்வேனும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஏமாந்தேன்.

அக்கா, முதல் மூன்று மாதம் பறிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஆறாம் பிறை அன்று மாலை வேலைக்கு வரும்போது தண்ணீர் ஊற்றி, ரொட்டித் துண்டு வைத்து, பொனெம் என்று சொல்லி, பூக்காத கிளையில் மூன்று இலை மட்டும் கிள்ளினேன். சத்தமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது, சமையற்காரர் பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூதாட்டியிடம் நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். பறித்தது அவர் அம்மா இல்லையாம், அம்மாவின் அத்தையாம். புனித யோவான் நாளுக்கு முந்தின மாலை, பனி இறங்கும் முன். ஏதாவது சொல்வார்களா என்றேன். "அவள் எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டேதான் பறிப்பாள்" என்றார். அதை நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஒரு இலையைக் கையில் கொடுத்தேன். மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. இரண்டு வருடமாக அவர் நடப்பதில்லை, சக்கர நாற்காலிதான். செருப்பில் ஒன்று வை என்றார். கட்டிலுக்கடியில் இருந்த கம்பளிச் செருப்பில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று வைத்தேன்.

காலையில் துப்புரவுக்கு வந்த பெண் குப்பை என்று தட்டிவிட்டிருக்கிறாள். இன்றிரவு வேறு இரண்டு கொண்டுபோகிறேன்.